நம் பிள்ளைகள் வாசிக்க நல்ல நாவல்கள் – ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை



ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வரும்வரை நம் தோட்டங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். வகுப்பு முடிந்து பிள்ளை வீடு வந்து சேர்ந்ததா, மாதிரி வினாத்தாள் செய்ததா என்று பார்க்கிறோம். பரீட்சை முடிந்து பெறுபேறும் வந்துவிட்டால் அந்தப் பேச்சு அப்படியே அடங்கிவிடுகிறது. அடுத்து சாதாரண தரப் பரீட்சை வரும்போதுதான் மறுபடியும் விழித்துக்கொள்கிறோம். இடையில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நான்கு வருடங்கள் இருக்கின்றன. பிள்ளை பாடசாலையை விட்டு மெல்ல மெல்ல விலகுவது இந்த நான்கு வருடங்களில்தான். கிழமைக்கு ஒரு நாள் போகாமல் விடுவது இரண்டு நாளாகும். பிறகு, "எனக்குப் படிப்பு ஏறலம்மா" என்று பிள்ளையே சொல்லிவிடும்.

படிப்பு ஏறவில்லை என்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஆறாம் தரத்தில் பாடப் புத்தகங்கள் பெருக்கின்றன. வரலாறு, விஞ்ஞானம், குடியியல் எல்லாமே நீண்ட வசனங்களில் வருகின்றன. ஒரு பக்கத்தைச் சீராக வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத பிள்ளைக்கு எல்லாப் பாடமும் ஒரே நேரத்தில் கஷ்டமாகிவிடுகின்றன. கணக்கு தெரிந்த பிள்ளைகூடக் கேள்வி விளங்காமல் பிழை விடுகிறது. வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு இந்தச் சுமை பாதியாகக் குறையும். அந்தப் பழக்கத்தை வளர்ப்பதற்குக் காசு குறைந்த, சுகமான வழி நல்ல நாவல் வாசிப்பது. இந்த இதழில் அதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

நாவல் என்றால் என்ன?

சிறுகதை ஒரு மூச்சில் முடிந்துவிடும். நாவல் அப்படியல்ல. ஒரு மனிதனோடு, ஒரு ஊரோடு பல நாட்கள் கூடவே நடந்து போவது போன்றது. நேற்று விட்ட இடத்தை இன்று ஞாபகம் வைத்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேருடைய பெயரும் குணமும் மனதில் இருக்க வேண்டும். ஒருவன் இப்படி நடந்ததற்குக் காரணம் என்ன, அடுத்து என்ன செய்வான் என்று யோசிக்க வேண்டும். ஞாபகமும் பொறுமையும் யோசனையும் இப்படி ஒன்றாக வளர்கின்றன. பரீட்சைக்கும் தேவைப்படுவது இவைதானே!

நாவல் எங்கேயோ பட்டணத்துக்காரர்களின் சமாசாரம் என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழ்நாட்டில் 1879இல் வெளிவந்தது. அதற்கு ஆறே வருடம் கழித்து, 1885இல், இலங்கையின் முதல் தமிழ் நாவலான 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. அதை எழுதிய சித்திலெவ்வை மரைக்கார் நம்முடைய கண்டியைச் சேர்ந்தவர். ஆகவே இலங்கையில் தமிழ் நாவல் பிறந்ததே மலைநாட்டில்தான் என்று பெருமையாகவே சொல்லலாம்.

எந்த வயதுக்கு எந்தப் புத்தகம்?

கீழே சொல்லும் புத்தகங்களை எல்லாம் ஒரே வருடத்தில் வாசித்து முடிக்க வேண்டும் என்று இல்லை. ஒரு தவணைக்கு ஒரு புத்தகம் போதும். நான்கு வருடத்தில் பன்னிரண்டு புத்தகங்கள் ஆகிவிடும். பன்னிரண்டு நாவல் வாசித்த பிள்ளை சாதாரண தர வகுப்புக்குள் நுழையும்போது எழுத்தைக் கண்டு பயப்படாது.

ஆறாம், ஏழாம் தரம்

*டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி.* ஜப்பானைச் சேர்ந்த டெட்சுகோ குரோயாநாகி தம்முடைய சிறுவயதைப் பற்றி எழுதி 1981இல் வெளியிட்ட புத்தகம் இது. உண்மை நிகழ்ச்சிகளைக் கதை போலவே சொல்லியிருப்பதால் பிள்ளைகள் நாவலாகவே வாசிக்கிறார்கள். தமிழிலும் உண்டு.

டோட்டோ-சான் சும்மா இருக்க மாட்டாத குட்டிப் பெண். வகுப்பு நடக்கும்போது ஜன்னலில் நின்றுகொண்டு தெருவில் போகிற வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவாள். இந்தப் பிள்ளை இங்கே வேண்டாம் என்று முதல் பாடசாலையில் விலக்கிவிட்டார்கள். இரண்டாவது பாடசாலைக்கு அம்மா கூட்டிப் போகிறார். அங்கே பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். தலைமை ஆசிரியர் கொபயாஷி அவளை உட்கார வைத்து, சொல்ல நினைப்பதை எல்லாம் சொல்லச் சொல்கிறார். நான்கு மணி நேரம் கொட்டாவி விடாமல், பொறுமை இழக்காமல் கேட்கிறார். அதற்கு முன் அவள் பேச்சை அத்தனை நேரம் யாருமே கேட்டதில்லை.

அந்தப் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் கிண்ணமோ பதக்கமோ கொடுப்பதில்லை. மரக்கறிதான் பரிசு! முள்ளங்கியையும் கீரையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகப் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். இது நீங்களே சம்பாதித்தது, இன்று இரவு வீட்டார் எல்லோரும் இதைச் சாப்பிடுவார்கள் என்று தலைமை ஆசிரியர் எடுத்துச் சொன்ன பிறகு அந்த வெட்கம் பெருமையாக மாறுகிறது. உழைத்துக் கொண்டுவந்து உலையில் போடுவதன் அருமை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரியும். போலியோவால் கால் கை சரியாக இயங்காத நண்பனை டோட்டோ-சான் பாடுபட்டு மரத்தில் ஏற்றும் பகுதியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பாடசாலை 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. யுத்தம் பிள்ளைகளிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதும் இந்தச் சின்னப் புத்தகத்தில் இருக்கிறது.

*சுவாமியும் சினேகிதர்களும்.* ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதி 1935இல் வெளிவந்தது. மால்குடி என்னும் கற்பனை ஊரில் சுவாமிநாதன் என்ற பையன், அவனுடைய கூட்டாளிகள் மணி, ராஜம். திங்கட்கிழமை என்றாலே அவனுக்குக் கசப்பு. வீட்டுப் பாடம் செய்யாமல் போவதும், கிரிக்கெட் கழகம் தொடங்குவதும், பிரம்படிக்குப் பயந்து ஓடிப்போய்க் காட்டில் வழி தவறுவதும் வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வரும். ஆனால் முடிவில், கூட்டாளி ஊரை விட்டுப் போகும்போது மனது கனத்துவிடும். படிக்க மனமில்லாத பொடியன்களுக்கு முதல் புத்தகமாகக் கொடுக்க இதைவிடப் பொருத்தமானது குறைவு.

*ஹைடி.* சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜொஹன்னா ஸ்பைரி எழுதி 1880, 1881ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக வந்தது. எளிய ஆங்கிலத்தில் சுருக்கிய பதிப்புகள் கிடைக்கின்றன. ஆங்கிலம் பழகும் பிள்ளைக்கு நல்லது.

இந்தக் கதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹைடி தாய் தகப்பன் இல்லாத சிறுமி. மலை உச்சியில் தாத்தாவோடு வாழ்கிறாள். ஆடு, குளிர், காற்று, மரச் சத்தம் இவைதான் அவளுடைய உலகம். எட்டு வயதில் அவளுடைய சித்தி அவளை மலையிலிருந்து இறக்கி, ஜெர்மனியில் ஒரு பெரிய பட்டணத்துப் பணக்கார வீட்டில் கொண்டுபோய் விடுகிறாள். நடக்க முடியாத கிளாரா என்ற பெண்ணுக்குத் துணையாக இருக்க வேண்டும். நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை, எல்லாம் உண்டு. ஆனாலும் ஜன்னலைத் திறந்தால் மலை இல்லை. அழக்கூட முடியாமல் உள்ளுக்குள்ளே வாடி, இரவில் தூக்கத்திலேயே எழுந்து நடக்கத் தொடங்குகிறாள். இது மருந்தில் தீராது, உடனே வீட்டுக்கு அனுப்புங்கள் என்று டொக்டர் சொல்கிறார்.

நம் தோட்டங்களிலிருந்து சின்னப் பெண் பிள்ளைகளைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிய கதைகள் நமக்குப் புதிதல்ல. ஹைடி வேலைக்காரியாகப் போகவில்லை, அடியும் படவில்லை. அப்படியிருந்தும் ஒரு பிள்ளையின் மனம் எப்படி நொறுங்கியது என்று இந்த நாவல் காட்டுகிறது. சம்பளமும் சாப்பாடும் சரியாகக் கிடைத்தாலும் பிள்ளைக்குப் பிள்ளைப் பருவம் திரும்பக் கிடைக்காது. பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது 2016 முதல் நம் நாட்டின் விதி என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

கதையில் இன்னொரு விசயமும் உண்டு. பட்டணத்தில் ஹைடி பெற்ற ஒரே நன்மை, வாசிக்கக் கற்றதுதான். மலைக்குத் திரும்பி வந்ததும் கண் தெரியாத ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் வாசித்துக் காட்டுகிறாள். படிப்பே வேண்டாம் என்று ஆடு மேய்த்த பீட்டரையும் பிடித்து உட்கார வைத்து எழுத்துக் கற்றுக்கொடுக்கிறாள். ஒரு பிள்ளை வாசித்தால் அந்த வெளிச்சம் ஒரு வீட்டோடு நிற்காது.

எட்டாம் தரம்

*மடோல் தூவ.* சிங்களத்தின் பேரெழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க எழுதியது, 1947இல் வெளிவந்தது. தெற்கே, கொக்கலைப் பக்கத்துக் கடலும் களப்பும் கதை நடக்கும் இடங்கள். உபாலி தாயை இழந்த பையன், சிற்றன்னையிடம் வளர்கிறான். குறும்பு என்றால் அப்படியொரு குறும்பு! ஜின்னா அவர்கள் வீட்டில் வேலைக்கு இருக்கும் பையன். ஒருவன் வீட்டுப் பிள்ளை, ஒருவன் வேலைக்காரன். ஆனால் இருவரும் பிரிக்க முடியாத கூட்டாளிகள். வீட்டை விட்டு ஓடிப்போய், ஒரு விவசாயியிடம் கைகால் நோக வேலை செய்கிறார்கள். பிறகு, பேய் உலாவுகிறது என்று ஊரார் பயந்து ஒதுக்கிய தீவில் குடியேறி, காட்டை வெட்டித் தோட்டம் போடுகிறார்கள்.

குறும்புக்காரப் பையன் தன் கையாலே நட்டு, தண்ணீர் ஊற்றி, விளைந்ததை விற்று மனிதனாகிறான். புத்தி சொல்லித் திருந்தியதாக எழுதாமல், வேலையும் பொறுப்பும் அவனை மாற்றியதாக எழுதியிருப்பதுதான் இந்த நாவலின் அழகு. 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இதைத் திரைப்படமாகவும் எடுத்தார். தமிழ்ப் பிரதி கையில் கிடைத்தால் தமிழில் வாசிக்கட்டும். சிங்களம் இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளை, ஆசிரியர் துணையோடு சில பக்கங்களைச் சிங்களத்திலேயே வாசித்துப் பார்க்கலாம். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் எந்தக் கதையைக் கேட்டு வளர்கிறார்கள் என்று நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்வது நல்லதுதானே!

*பார்த்திபன் கனவு.* கல்கியின் சரித்திர நாவல்கள் என்றதும் எல்லோரும் 'பொன்னியின் செல்வன்' என்பார்கள். அது ஐந்து பாகம். எடுத்த எடுப்பிலே அதைக் கொடுத்தால் பிள்ளை மலைத்துப்போகும். பார்த்திபன் கனவு அதைவிடச் சிறியது. பல்லவருக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருக்கும் சோழ நாடு மறுபடியும் தலை நிமிர வேண்டும் என்று கனவு காணும் அரசன், அந்தக் கனவைச் சுமக்கும் மகன் விக்கிரமன், படகோட்டி பொன்னன், அவன் மனைவி வள்ளி. அடிக்கடி வந்துபோகும் சிவனடியார் யார் என்ற மர்மம் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும். இதை முடித்த பிள்ளை பொன்னியின் செல்வனைத் தானாகவே தேடும். அதன் இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' அனுராதபுரம், தம்புள்ளை என்று நம் நாட்டிலேயே பெரும்பாலும் நடப்பதால் இன்னும் ருசிக்கும். ஆனால் ஒன்று: கல்கி எழுதியது நாவல். வரலாற்றுப் பாடத்துக்கு அதை அப்படியே எழுதக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

*குட்டி இளவரசன்.* விமானியாக இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரி எழுதி 1943இல் வந்தது. பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு 1981இல் வந்தது. பாலைவனத்தில் விமானம் பழுதாகி நிற்கும் ஒருவரிடம், வேறு ஒரு சின்னக் கிரகத்திலிருந்து வந்த சிறுவன் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறான். பக்கம் குறைவு, படமும் உண்டு. மெதுவாக வாசிக்க வேண்டிய புத்தகம்.

*ஆச்சி பயணம் போகிறாள்.* யாழ்ப்பாணத்து எழுத்தாளர் செங்கை ஆழியானின் நகைச்சுவை நாவல். ஊரை விட்டு வெளியே போகாத ஓர் ஆச்சியின் பயணம். வடக்கு மக்களின் பேச்சும் பழக்கமும் நம் பிள்ளைகளுக்குப் புதுமையாக இருக்கும். வீட்டில் எல்லோரும் கூடியிருந்து கேட்க ஏற்றது.

ஒன்பதாம் தரம்

இந்த வயதில் பிள்ளை கொஞ்சம் கனமான கதையைத் தாங்கும். துன்பத்தையும் சாவையும் பற்றி வாசித்து யோசிக்கும்.

*கடலும் கிழவனும்.* அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட சிறிய நாவல். எண்பத்து நான்கு நாள் ஒரு மீனும் படாத கிழட்டு மீனவர் தனியே ஆழ்கடலுக்குப் போய்ப் பெரிய மீன் ஒன்றோடு போராடுகிறார். மழையிலும் வெயிலிலும் நிறுவைக்குக் கொழுந்து சேர்க்கப் போராடும் நமக்கு அந்தக் கிழவரின் கை வலி விளங்கும். கடைசியில் கைக்கு என்ன மிஞ்சியது, மனதுக்கு என்ன மிஞ்சியது என்று பிள்ளையோடு பேசிப் பாருங்கள்.

*பாதேர் பாஞ்சாலி.* விபூதிபூஷண் பந்தோபாத்யாய வங்காளியில் எழுதியது. 1929இல் புத்தகமாக வந்தது. ஆர். சண்முகசுந்தரம் தமிழாக்கியிருக்கிறார். வறுமைப்பட்ட வீட்டில் அக்கா துர்க்கா, தம்பி அப்பு. மாங்காய் பொறுக்குவதும், ரயில் பார்க்க ஆசைப்படுவதும், காட்டுமேட்டில் சுற்றுவதுமாக அந்த இரண்டு பிள்ளைகளின் உலகம் நம் கண் முன்னே விரிகிறது. வறுமை இருந்தும் பிள்ளைகள் சந்தோசமாக இருக்கத் தெரிந்தவர்கள் என்பதையும், அதே வறுமை எப்படி ஓர் உயிரைக் கொண்டுபோகும் என்பதையும் இந்த நாவல் சேர்த்தே சொல்கிறது.

நம்முடைய கதைகள்

இப்போது, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதற்கு வருகிறோம். நம் பிள்ளைகளில் பலர், நாவலில் வருவது ராஜாக்களும் பட்டணத்துக்காரர்களும்தான் என்று நினைக்கிறார்கள். லயமும் பெரட்டும் கங்காணியும் கொழுந்து மலையும் அச்சில் வரக்கூடியவை என்று அவர்களுக்குத் தெரியாது. தன் வீட்டுப் பேச்சை ஒரு புத்தகத்தில் காணும் பிள்ளைக்கு, நாமும் எழுதப்படத் தக்கவர்கள்தான் என்ற தைரியம் வரும்.

சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர். கவிஞராகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்த அவர், நம் மக்கள் பாடிய பாடல்களைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். அவருடைய 'வீடற்றவன்' நாவல், தோட்டத்தில் சங்கம் அமைக்கப் போன ஒரு தொழிலாளி படும் பாட்டைச் சொல்கிறது. இன்று நாம் சாதாரணமாகக் கட்டும் சந்தாவுக்குப் பின்னால் யார் யாருடைய கஷ்டம் இருக்கிறது என்று பிள்ளைகள் அறிய வேண்டும்.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்தது. 'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பது பழமொழி. அந்தப் பச்சையை நம்பிக் கடல் தாண்டி வந்தவர்கள் இங்கே கண்டது என்ன என்பதே கதை. நம் பாட்டன் பூட்டன் வந்த வழியை ஒரு பெண் எழுத்தாளர் பெண்களின் பக்கம் நின்று சொல்லியிருக்கிறார். சில இடங்கள் கசப்பானவை. ஆகவே ஒன்பதாம் தரத்துக்குப் பிறகு, தாயும் மகளும் சேர்ந்து வாசிப்பது நல்லது.

தெளிவத்தை ஜோசப் ஊவாவில் 1934இல் பிறந்து, தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். அவருடைய 'காலங்கள் சாவதில்லை' 1974இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. 'நாமிருக்கும் நாடே' என்ற சிறுகதைத் தொகுதியும் உண்டு. 2022இல் காலமான அவருக்குத் தமிழ்நாட்டில் 2013இல் விஷ்ணுபுரம் விருது கொடுத்துக் கௌரவித்தார்கள். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளையின் எழுத்து கடல் தாண்டியும் மதிக்கப்படும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? இவருடைய நாவலைப் பிள்ளை கொஞ்சம் வளர்ந்த பிறகு கொடுக்கலாம். சிறுகதைகளில் சிலவற்றை ஆசிரியரிடம் கேட்டு ஒன்பதாம் தரத்திலேயே தொடங்கலாம்.

புத்தகத்துக்கு எங்கே போவது?

"சம்பளம் வீட்டுச் சாமானுக்கே பத்தல, இதுல பொஸ்தகம் வேறயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாங்கத் தேவையில்லாத வழிகளைச் சொல்கிறோம்.

1. பாடசாலை நூலகம். அலுமாரி பூட்டியே கிடந்தால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் எழுந்து மரியாதையாகக் கேட்க வேண்டும். கேட்பது நம் உரிமை.

2. பக்கத்து டவுனில் உள்ள பிரதேச சபை அல்லது நகர சபை நூலகம். அங்கத்தவராக என்ன வேண்டும் என்று நூலகரிடம் கேளுங்கள். இடத்துக்கு இடம் விதி மாறும். டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும் நாளிலேயே புத்தகத்தையும் மாற்றிக்கொண்டு வரலாம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் பிள்ளைகளை நூலகத்துக்குக் கூட்டிப் போவது நல்ல தொடக்கம்.

3. கையில் உள்ள ஸ்மார்ட் போன். இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' என்ற இணைய நூலகம் 2005 முதல் இலவசமாக இயங்குகிறது. மலையக எழுத்தாளர்களின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால், மதுரைத் திட்டம் என்ற இணையப் பக்கத்தில் அவருடைய நாவல்களை இலவசமாக வாசிக்கலாம். பிள்ளை போனில் வீடியோ பார்க்கும் நேரத்தில் கால்வாசியை இதற்குத் திருப்பினாலே போதும்.

4. லயத்துக்கு ஒரு பெட்டி. ஆளுக்கு ஒரு புத்தகம் போட்டு, ஒரு கொப்பியில் பெயர் எழுதி மாறி மாறி எடுத்தால் பத்து வீட்டுக்குப் பத்துப் புத்தகம். நம் பக்கத்து ஈரத்திலும் பனியிலும் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்குக் கிட்ட வைக்காமல், பொலித்தீன் உறையில் சுற்றி உயரத்தில் வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் நிழலில் விரித்துக் காற்றுப்பட விடுங்கள்.

புத்தகம் பிள்ளைக்குப் பொருந்துமா என்று பார்க்க ஐந்து விரல் கணக்கு உதவும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளை வாசிக்கட்டும். விளங்காத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு விரல் மடங்கினால் சரியான புத்தகம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

"எங்களுக்கே வாசிக்கத் தெரியாது, நாங்க எப்படிங்க சொல்லிக் கொடுக்கிறது?" என்று கேட்கும் தாய்மாருக்குத்தான் இந்தப் பகுதி. நீங்கள் வாசிக்க வேண்டாம், கேட்டால் போதும்.

மலையிலிருந்து வந்து ரொட்டி சுடும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னைக்கு கதையில என்னா நடந்துச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை தன் சொந்தச் சொல்லில் சொல்லட்டும். குறுக்கே விழுந்து திருத்த வேண்டாம். "ஏன் அப்படிச் செஞ்சான்? நீயா இருந்தா என்னா செஞ்சிருப்ப?" என்று இரண்டு கேள்வி போதும். வாசித்ததைத் திருப்பிச் சொல்லும் பிள்ளை, பரீட்சையில் விடை எழுதவும் பழகிவிடும்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அந்த இருபது நிமிடமும் ரேடியோ, டிவி, போன் எல்லாம் நிற்கட்டும். பெண் பிள்ளைக்கும் அதே இருபது நிமிடம் உண்டு. அண்ணன் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க, தங்கச்சி மட்டும் தண்ணீர் தூக்குவதும் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதும் பாத்திரம் கழுவுவதுமாக இருந்தால் அது நியாயமல்ல. வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

"கதைப் பொஸ்தகம் வாசிச்சா பாடம் கெட்டுப் போகும்" என்பது பழைய பேச்சு. பரீட்சை நெருங்கும் கிழமைகளில் நாவலை ஒதுக்கி வைப்பது சரி. மற்ற நாட்களில் நாவல் பாடத்துக்கு உதவியே செய்யும். தமிழ்ப் பாடத்தில் கட்டுரைக்குச் சொல் தேடித் திண்டாடும் பிள்ளைக்கு, வாசித்த நாவல்களிலிருந்து சொற்கள் தாமாகவே வந்து நிற்கும்.

பிள்ளைக்குப் புத்தகம் பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். முப்பது பக்கம் வரை பொறுத்துப் பார்க்கட்டும். பிறகும் பிடிக்காவிட்டால் வேறு எடுக்கட்டும். தண்டனையாக ஒருபோதும் வாசிக்கச் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

ஒரு நாவலை முடித்ததும் கொப்பியில் இவற்றை எழுதுங்கள்.

1. நாவலின் பெயர், எழுதியவர், கதை நடக்கும் இடம்.
2. உங்களுக்கு மிகவும் பிடித்த ஆள் யார்? அவருடைய ஒரு நல்ல குணம், ஒரு குறை.
3. கதையில் யாருக்காவது அநியாயம் நடந்ததா? அதைத் தடுத்திருக்கக் கூடியவர் யார்?
4. புதிதாகத் தெரிந்துகொண்ட பத்துச் சொற்கள். ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வசனம்.
5. இந்தக் கதை உங்கள் தோட்டத்தில் நடந்திருந்தால் எது மாறும், எது மாறாது? ஒரு பக்கம் எழுதுங்கள்.

ஐந்தாவது பயிற்சியை விட்டுவிடாதீர்கள். நம்முடைய தோட்டங்களில் எழுதப்படாத கதைகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைக் கண்ணால் கண்டவர்கள் வயதாகிக்கொண்டே போகிறார்கள். தாத்தா பாட்டியிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். பெற்றோரே, வருகிற சம்பளக் கிழமையில் டவுனுக்குப் போகும்போது நூலகத்தின் வாசலையும் ஒரு தடவை மிதித்துவிட்டு வாருங்கள். பிள்ளையையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.